அலங்காநல்லூர்ப் பகுதி ஆண்களின் வாசிப்பு

மதுரைக்கு வடக்கே, பெரியாறு பாசனத்தில் நெல்லும் கரும்பும் விளையும் ஊர் அலங்காநல்லூர். இந்தப் பக்கத்து ஆண்கள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டால், "இப்போது யார் சார் படிக்கிறார்கள், எல்லாம் செல்போன்தான்" என்ற பதில் உடனே வரும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவன் நான். அந்தப் பதில் பாதிதான் சரி.

முந்திய தலைமுறை ஆண்கள் பலருக்கு வாசிப்பு என்பது காதால் கேட்பதாகவே தொடங்கியது. மதுரை வீரன் கதை, அல்லி அரசாணி மாலை போன்ற 'பெரிய எழுத்து' நூல்களை ஒருவர் ராகம் போட்டுப் படிப்பார். திண்ணையில் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்பார்கள். பிறகு அந்த இடத்தை டீக்கடை பிடித்துக்கொண்டது. சி. பா. ஆதித்தனார் 1942இல் தினத்தந்தியைத் தொடங்கியது மதுரையில்தான். பேச்சுக்கு நெருக்கமான சின்னச் சின்ன வாக்கியங்களும் பெரிய தலைப்புகளும் அதிகம் படிக்காதவரையும் பத்திரிகையைக் கையில் எடுக்க வைத்தன. கன்னித்தீவு படக்கதையில் எழுத்துக் கூட்டிப் பழகியவர்களை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

1969இல் ராணி முத்து மாதம் ஒரு நாவலை மலிவு விலையில் தரத் தொடங்கியது. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவியோடு வந்தது. எண்பதுகளில் பேருந்து நிலையக் கடைகளில் மாத நாவல்கள் கயிற்றில் தொங்கின. வீட்டில் பெண்கள் ரமணிசந்திரன் படித்தால், ஆண்கள் ராஜேஷ்குமாரையும் சுபாவையும் பட்டுக்கோட்டை பிரபாகரையும் படித்தார்கள். ராஜேஷ்குமார் மட்டும் 1500க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். 'குப்பை' என்று ஆசிரியர்களாகிய நாங்கள் அவற்றைப் பிடுங்கி வைத்ததுண்டு. அது தவறு என்று இப்போது நினைக்கிறேன். ஒரு நாவல் ஐந்தாறு கை மாறும். படித்தவன் அடுத்தவனிடம் கதையைச் சொல்லாமல் இருக்கமாட்டான்.

இன்று அதே வயது இளைஞர்களைப் பார்க்க நூலகத்துக்குத்தான் போக வேண்டும். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் பயனாய், சொத்து வரியோடு வசூலாகும் நூலக வரியில் நடப்பவை நம் ஊர்க் கிளை நூலகங்கள். மதுரை புது நத்தம் சாலையில் 15 ஜூலை 2023 அன்று கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. அங்கும் சரி, சிற்றூர் நூலகத்திலும் சரி, மேசைகளில் இருப்போரில் பெரும்பகுதி போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள். சாப்பாட்டுப் பாத்திரத்தோடு காலையில் வருகிறார்கள். கையில் இருப்பது ஆறாம் வகுப்பு முதல் உள்ள பள்ளிப் பாடநூல்களும் வழிகாட்டிகளும். குரூப் 4 தேர்வின் 200 வினாக்களில் 100 தமிழ். அதனால் தமிழ்ப் பாடநூலை வரி பிசகாமல் படிக்கிறார்கள். இவர்களைப் படிக்காதவர்கள் என்று எப்படிச் சொல்வது?

தேர்வுக்கு வெளியே படிப்பவர்களும் உண்டு. 2022இல் திரைப்படம் வந்தபின் பொன்னியின் செல்வனைப் புதிதாக வாங்கியவர்கள் பலர். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை என்பதால் மலிவுப் பதிப்புகள் பல இருக்கின்றன. சு. வெங்கடேசனின் வேள்பாரியும் இளைஞர்கள் விரும்பும் நூல். பணம் சேர்ப்பது, தன்னம்பிக்கை பற்றிய மொழிபெயர்ப்பு நூல்களைக் கடை வைத்திருப்பவர்கள் வாங்குகிறார்கள். வண்டி ஓட்டுபவர்கள் கதைகளை ஒலி வடிவில் கேட்கிறார்கள். திண்ணை போய்க் காதுக்கருவி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கதை படிப்பதில் ஆண்கள் பின்தங்குவது இங்கு மட்டும் இல்லை. 2022இல் அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்று எடுத்த கணக்கெடுப்பில், ஓராண்டில் நாவலோ சிறுகதையோ படித்த பெண்கள் நூற்றுக்கு 47 பேர், ஆண்கள் 28 பேர். ஆனால் நம் பகுதிக்கென்று தனியாக ஒரு காரணம் உண்டு. போட்டித் தேர்வின் தமிழ்ப் பாடத்திட்டத்தில் 'புகழ்பெற்ற நூல், நூலாசிரியர்' என்று ஒரு பகுதி பல ஆண்டுகள் இருந்தது. நூலின் பெயரையும் எழுதியவர் பெயரையும் பொருத்தினால் மதிப்பெண். நூலைத் திறக்க வேண்டிய தேவை இல்லை. வேலை கிடைத்தாலும், வயது வரம்பு தாண்டினாலும், மறுநாளே வழிகாட்டிகள் பழைய பேப்பர்க் கடைக்குப் போய்விடுகின்றன. அவற்றோடு படிக்கும் பழக்கமும் போய்விடுகிறது.

பக்கத்துத் தெருவில் ஒரு தம்பி, தைப் பொங்கல் வந்தால் வாடிவாசலில் இறங்குகிறவன். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது "வாடிவாசல் எழுதியது யார்?" என்று கேட்டேன். "சி. சு. செல்லப்பா" என்றான் உடனே. எதைப் பற்றிய கதை என்றேன். தெரியவில்லை. ஜல்லிக்கட்டைப் பற்றியது என்றதும், "நிஜமாவா சார்?" என்று சிரித்தான்.

சின்ன நூல், ஒரு மாலையில் முடித்துவிடலாம். கொடுத்தனுப்பினேன். அப்பனைக் குத்திக் கொன்ற காரிக் காளையைப் பிடிக்க மகன் பிச்சி வருவதும், பிடிபட்ட காளையை ஜமீன்தார் சுட்டுக் கொல்வதும்தான் கதை. மறுநாள் காலையில் வாசலில் நின்றான். "பிடிபட்டா மாட்டைச் சுடுறதா சார்? அது என்ன நியாயம்?" என்று அரை மணி நேரம் ஜமீன்தாரோடு சண்டை போட்டான், என்னை வைத்து. போகும்போது, இதுபோல வேறு இருக்கிறதா என்று கேட்டு இன்னொன்றை வாங்கிக்கொண்டு போனான்.