வானம் பார்த்தவர்கள் – 6: சோழியும் தொலைநோக்கியும்

ஊதியமோ பட்டமோ எதிர்பாராமல், தம் கணிதத்தை மட்டுமே துணையாகக் கொண்டு, சூரிய பிம்பத்தின் மேல் சுக்கிரன் ஒரு கரும்புள்ளியாக நகர்ந்து செல்வதை 1639-ஆம் ஆண்டில் முதன்முதலாகக் கண்ட ஜெரமையா ஹாரக்ஸ் என்ற ஆங்கில இளைஞரைப் பற்றியும், அவருடைய நண்பரும் துணி வியாபாரியுமான வில்லியம் கிராப்டிரீயைப் பற்றியும் சென்ற இதழில் பார்த்தோம். அதே காட்சியைக் காணும் ஆசை, ஒன்றேகால் நூற்றாண்டுக்குப் பிறகு, ஒரு பிரெஞ்சுக்காரரைக் கடல் கடத்தி நம் புதுச்சேரிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அந்த வரலாற்றைத் துரதிர்ஷ்டத்தின் கதையாகவே உலகம் இன்றுவரை சொல்லி வருகிறது. எனக்கோ அதன் சிறந்த பகுதி, உலகம் அடிக்குறிப்பாக ஒதுக்கிவிட்ட இடத்தில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது.

புதுவையின் ஆகாயத்துக்கு அவருக்கு முன்பே ஒரு ரசிகர் வாய்த்திருந்தார். சயாம் நாட்டில் 1688-இல் நிகழ்ந்த ஆட்சிக் கலகத்துக்குப் பின் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்த ஜான் ரிஷோ என்ற ஏசு சபைப் பாதிரியார், 1689 டிசம்பரில், வானில் தோன்றிய ஒரு வால்நட்சத்திரத்தை 12 அடி நீளமுள்ள தொலைநோக்கியால் தொடர்ந்து கவனித்து வந்தபோது, வெறுங்கண்ணுக்கு ஒற்றையாகத் தோன்றும் ஆல்பா செண்டாரி என்னும் நட்சத்திரம் உண்மையில் இரண்டு நட்சத்திரங்கள் என்பதைக் கண்டார். பாரிஸ் நகரத்தின் அடிவானத்துக்கு மேல் ஒருபோதும் உதிக்காத அந்த நட்சத்திரம், 12 பாகை அட்சரேகையை ஒட்டி அமைந்த புதுவைக்கோ தெற்கே ஏறத்தாழ 17 பாகை உயரம் வரை ஏறி வருகிறது. மத போதனையைத் தம் கடமையாகவும், வானத்தைத் தம் விருப்பமாகவும் கொண்டிருந்த ஒரு துறவி, சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரக் குடும்பத்தின் ரகசியங்களில் ஒன்றை இந்தச் சிறிய துறைமுகத்தில் நின்று அறிந்தார் என்பதை நம் பாடநூல்கள் இன்னும் குழந்தைகளுக்குச் சொல்லவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

இனி, குய்யோம் லெ ஜான்தி. நார்மாந்தி பிரதேசத்துக் கூத்தான்ஸ் நகரில் 1725-இல் பிறந்து, முதலில் மத சாஸ்திரம் படிக்கச் சென்று, பின்னர் வானத்தின்பால் மனம் திரும்பி, 24-ஆம் வயதில் ஆண்ட்ரோமீடா மண்டலத்தின் துணை மண்டலமாகிய எம் 32-ஐக் கண்டறிந்தவர் அவர். சுக்கிரன் சூரியனைக் கடக்கும் நேரத்தைப் பூமியின் வெவ்வேறு இடங்களிலிருந்து நுட்பமாகக் குறித்தால், அந்த நேரங்களின் வித்தியாசத்திலிருந்து சூரியனின் தூரத்தைக் கணக்கிடலாம் என்று எட்மண்ட் ஹாலி 1716-இல் விளக்கியிருந்தார். எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை நிகழ்ந்துவிட்டுப் பின்னர் நூறாண்டுகளுக்கு மேல் மறைந்துவிடும் அந்தக் கடப்பு 1761-இலும் 1769-இலும் வரவிருந்தபடியால், பாரிஸ் விஞ்ஞான கழகம் லெ ஜான்தியைப் புதுச்சேரிக்கு அனுப்பியது. 1760 மார்ச்சில் கப்பலேறிய அவர் மொரீஷியஸ் வழியாக மலையாளக் கரையை நெருங்கியபோது, 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றிவிட்டனர் என்ற செய்தி கிடைத்தது, கப்பல் திரும்பியது. ஜூன் 6-ஆம் நாள் கடப்பை அவர் நடுக்கடலில், ஆடும் தளத்தின் மேல் நின்று பார்த்தார். இருக்குமிடமும் நேரமும் திட்டமாகத் தெரியாத கடலில் அந்தப் பார்வையால் கணிதத்துக்கு ஒரு பயனும் இல்லை.

ஊர் திரும்பாமல், அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டுகள் கீழ்த்திசையிலேயே தங்குவது என்று அவர் முடிவு செய்தார். மடகாஸ்கரிலும் மணிலாவிலும் அலைந்து, சமாதான உடன்படிக்கைக்குப் பின் பிரெஞ்சுக்காரரிடமே மீண்டுவிட்ட புதுச்சேரிக்கு 1768 மார்ச்சில் அவர் வந்து இறங்கியபோது, ஊர் பெரும்பகுதி இடிபாடாகக் கிடந்தது. ஆளுநர் லா தெ லோரிஸ்தோன் அவரை அன்புடன் வரவேற்று, பழைய கோட்டையின் சிதைவுகளின் மேல் ஓர் ஆய்வுக்கூடம் எழுப்பித் தந்தார். அதன் கீழ் நிலவறையில் வெடிமருந்து சேமித்து வைக்கப்பட்டிருந்தது. இன்று பாரதி பூங்காவின் நிழலில் அமர்ந்து கடலை தின்கிறவர்கள், அந்தக் கோட்டை நின்ற வட்டாரத்தில்தான் அமர்ந்திருக்கிறார்கள். சென்னையிலிருந்த ஆங்கிலேயர், பகைமையை மறந்து, நல்லதொரு தொலைநோக்கியை அவருக்கு அனுப்பி வைத்தனர். 1769-ஆம் ஆண்டு மே மாதக் காலைகள் நிர்மலமாகவே இருந்தன. கடப்புக்கு முந்தைய இரவு ஆளுநருடன் சேர்ந்து வியாழனின் துணைக்கோளைக்கூடத் தெளிவாகப் பார்த்தார். விடியற்காலையில் மேகம் திரண்டது. ஜூன் 4-ஆம் நாள் சூரியன் சுக்கிரனைச் சுமந்தபடியே உதித்து, கடப்பு முடியும்வரை மேகத்துக்குள் இருந்து, முடிந்த சிறிது நேரத்தில் வெளியே வந்து, அன்று பகல் முழுவதும் பிரகாசித்தது. அவர் விட்டு வந்த மணிலாவிலோ அன்று காலை வானம் தெளிவாக இருந்தது. இரு வாரங்களுக்கு மேல் எழுதுகோலைத் தொடவும் மனமின்றி அவர் சோர்ந்து கிடந்தார். மற்ற இடங்களில் குறிக்கப்பட்ட நேரங்களைக் கொண்டு தாமஸ் ஹார்ன்ஸ்பி 1771-இல் கணித்த சூரிய தூரம் 9 கோடியே 37 லட்சம் மைல். இன்றைய கணக்கு ஏறத்தாழ 9 கோடியே 30 லட்சம். அந்த மகத்தான கணக்கில் புதுவையின் பங்கு இடம்பெறாமலே போயிற்று.

இவ்வளவோடு கதையை நிறுத்திவிடுவதுதான் வழக்கம். ஆனால் கடப்புக்குக் காத்திருந்த காலத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. பருவக்காற்றின் போக்கைக் குறித்தார். வீராம்பட்டினத்துக்கு அருகே, இன்று அரிக்கமேடு என்று உலகம் அறியும் இடத்தின் பழஞ்சுவர்களைக் கவனித்து எழுதினார். எல்லாவற்றிற்கும் மேலாக, இவ்வூர்த் தமிழர் கிரகணம் கணிப்பதைக் கேள்விப்பட்டு, அதைக் கற்றுக்கொள்ள அமர்ந்தார். ஏட்டையும் எழுதுகோலையும் நாடாமல், தரையில் சோழிகளைப் பரப்பி, நகர்த்தி, நினைவில் நின்ற வாக்கியங்களை முணுமுணுத்தபடியே ஒரு தமிழர் சந்திர கிரகணத்தைக் கணித்து முடித்த வேகம் அந்தப் பிரெஞ்சுக்காரரை வியப்பில் ஆழ்த்தியது. 1765 ஆகஸ்ட் 30-ஆம் நாள் நிகழ்ந்த கிரகணத்தின் கால அளவைத் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைத்துச் சொன்னது. அக்காலத்து ஐரோப்பாவின் மிகச் சிறந்த சந்திர அட்டவணையாகிய தோபியாஸ் மேயருடையதோ 68 விநாடி கூட்டிச் சொன்னது. இதைத் தம் நாட்டாருக்கு மறைக்காமல் அச்சிட்டுக் காட்டிய அந்த நேர்மைக்காகவே லெ ஜான்தியை நான் வணங்குகிறேன்.

அந்த முறைதான் இன்றும் நம் கோயில்களில் வழங்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தின் முறை. சந்திரன் சில நாட்கள் விரைந்தும் சில நாட்கள் தயங்கியும் நடக்கிறது. அந்த ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ 248 நாட்களில் ஒன்பது முறை சுற்றி முடிந்துவிடுவதால், நாள் ஒன்றுக்கு ஒன்றாக 248 வாக்கியங்களை அமைத்து, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணை உரிமையாக்கி, சந்திரனின் நிலையை அந்த வாக்கியங்களுக்குள்ளேயே பொதிந்து வைத்துவிட்டார்கள் நம் முன்னோர். வாக்கியம் நினைவிலிருந்தால் எண்ணும் நினைவிலிருக்கும். ஒரு கிழவியின் சுருக்குப் பையில் குடும்பத்தின் கணக்கெல்லாம் அடங்கியிருப்பதுபோல், ஒரு மனிதரின் நினைவுக்குள் சந்திரனின் நடை முழுவதும் அடங்கியிருந்தது.

ஆயினும் முழு உண்மையையும் சொல்லத்தான் வேண்டும். சென்னை வானியல் ஆய்வகத்தின் பொறுப்பை முன்னர் வகித்த ஜான் வாரன், காலசங்கலிதம் என்ற தம் பெருநூலில், புதுவையில் தாம் சந்தித்த ஒரு பஞ்சாங்கக் கணிதர், 1825 மே 31-க்கும் ஜூன் 1-க்கும் இடைப்பட்ட இரவின் கிரகணத்தை அதே சோழி முறையில் கணித்ததைப் பதிவு செய்திருக்கிறார். கிரகணத்தின் ஆரம்பம் 4 நிமிடமே பிசகியது. நடுப்பகுதி 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் பிசகின. கணித்தவருக்கு அபார ஞாபக சக்தி இருந்ததேயன்றி, தாம் செய்த கணக்கின் காரணம் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை என்றும் வாரன் குறிப்பிடுகிறார். தலைமுறை தலைமுறையாகக் கணக்கைக் காப்பாற்றியவர்கள், கணக்கை வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும் பழக்கத்தை எங்கோ வழியில் விட்டுவிட்டார்கள். கண் ஒரு பக்கமும் கணக்கு ஒரு பக்கமுமாகப் பிரிந்த அந்தப் பிரிவுதான் நம் ஜோதிஷத்தின் பெரிய நஷ்டம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இந்த நஷ்டத்தை இதே ஊரில் வேறொருவரும் உணர்ந்தார். 1910-இல் ஹாலி வால்நட்சத்திரம் தோன்றியபோது புதுவையில் தஞ்சம் புகுந்திருந்த பாரதியார், சாதாரண வருஷத்துத் தூமகேதுவைப் பற்றி ஒரு கவிதை எழுதி, அதில் அந்த நட்சத்திரத்தின் இயல்பை அந்நியர் சொல்லக் கேட்டே நாம் அறிய நேர்ந்ததே என்று வருந்தினார். அவர் வருந்திய காலத்துக்கு ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்கு முன், அதே நகரத்தில், ஓர் அந்நியர் தமிழர் சொல்லக் கேட்டுக் கற்றுக்கொண்டிருந்தார் என்ற செய்தி அவருக்குக் கிடைத்திருந்தால், அந்த வருத்தம் எவ்வளவு கூர்மை பெற்றிருக்கும்!

சுக்கிரக் கடப்பு 2004 ஜூன் 8-ஆம் நாளும், 2012 ஜூன் 6-ஆம் நாள் காலையிலும் புதுவையின் வானத்துக்கு மீண்டும் வந்து சென்றது; இனி 2117 டிசம்பரில்தான். நம்மில் எவரும் அதைக் காணப்போவதில்லை. ஆனால் ரிஷோ பாதிரியார் கண்ட இரட்டை நட்சத்திரம் ஆண்டு தவறாமல் வருகிறது. வைகாசியின் நடுவில், இரவு பத்து மணியளவில், கடற்கரைச் சாலையின் விளக்குகளை விட்டு விலகி, வீராம்பட்டினத்து மணலில் நின்று நேர் தெற்கே பாருங்கள். தாழ்வாக, பிரகாசமாக இரண்டு நட்சத்திரங்கள் அருகருகே தெரியும். இடப்புறம் உள்ளது ஆல்பா செண்டாரி. பள்ளிக்கூடத்துச் சிறிய தொலைநோக்கி ஒன்று இருந்தால் அது இரண்டாகப் பிரிவதையும் காணலாம். அந்த இரவில் கண்டதை ஒரு நோட்டில் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். பஞ்சாங்கத்தில் அடுத்த கிரகணத்துக்குப் போட்டிருக்கும் நேரத்தையும் பக்கத்திலேயே எழுதி, அன்றைக்குக் கடிகாரத்தோடு மாடியேறி ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்படி ஒப்பிட்டுப் பார்த்தே தீரவேண்டும் என்று பஞ்சாங்கக்காரர்களிடம் வாதாடிய ஒரு தமிழ்நாட்டு வானியலார் இருந்தார். 1867-இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்து, 1874-ஆம் ஆண்டுச் சுக்கிரக் கடப்பைப் பற்றி இந்திய மொழிகளில் சிறுநூல் வெளியிட்ட சென்னை ஆய்வகத்துச் சிந்தாமணி ரகுநாதாசாரியாரைப் பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன்.