பாறை ஏரியும் படகு விசிறியும்

கனடா நாட்டின் வரைபடத்தை விரித்து, சுப்பீரியர் ஏரிக்கு வடக்கேயும் மேற்கேயும் உள்ள பகுதியைப் பாருங்கள். நிலம் எது, நீர் எது என்று எளிதிற் சொல்ல இயலாதவாறு ஏரிகள் சிதறிக் கிடக்கக் காண்பீர்கள். கனடியக் கேடயம் என நிலநூலார் வழங்கும் மிகப் பழைய பாறைநிலம் அது. பனியூழியில் அதன்மேல் ஊர்ந்து சென்ற பனியாறுகள் மண்ணை வழித்தெடுத்துப் பாறையைக் குடைந்தன. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்னர் அவை உருகி விலகியபோது, குடைந்த பள்ளங்களெல்லாம் ஏரிகளாயின. லேக் ஆப் தி உட்ஸ் என்னும் ஓர் ஏரியில் மட்டும் 14,000-க்கு மேற்பட்ட தீவுகள் உள்ளன. நீருக்கு மேல் தலை நீட்டும் பாறை இத்தனை என்றால், நீருக்கு ஒரு சாண் கீழே மறைந்திருப்பவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்!

அங்கே பல தீவுகளில் வாழ்வோருக்குப் படகே வண்டி, நீரே வீதி. வசந்தத்தில் பனி உருகி நீர் உயர்ந்திருக்கையில் ஆழத்திற் கிடந்த பாறை, கோடை முடிவில் படகுக்கு எட்டும் அளவில் வந்து நிற்கும். சதுப்பு நிலங்களிலிருந்து வடியும் நீர் தேநீர் நிறமாக இருப்பதால், பாறை கண்ணுக்கும் புலப்படாது. படகின் பின்புறத்தில் தொங்கும் புறமோட்டாரின் சுழல்விசிறி அதன்மேல் மோதும். அவ்வாறு உடைந்த விசிறிக்கு மாற்றாக எத்தகையதை வாங்குவது? மேலும் உறுதியானதை வாங்குவதே அறிவுடைமை என்று முதலில் தோன்றும். ஆனால் பாறை ஏரியில் அந்த எண்ணம் பெரும்பாலும் பிழையாகும். அதன் காரணத்தை விளக்குவதே என் நோக்கம்.

விசிறி நீரைத் துளைத்துச் செல்லும் ஒரு திருகு. இத்தகைய திருகால் படகோட்ட முனைந்தவர்களுள் ஒருவர் இங்கிலாந்து நாட்டு பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித். 1837-இல் இலண்டன் நகரத்துப் பாடிங்டன் கால்வாயில் அவருடைய படகின் மரத்திருகு ஏதோவொன்றில் மோதிப் பாதி உடைந்தது. படகு நிற்கவில்லை, முன்னினும் விரைந்து ஓடிற்று! இரண்டு சுற்றுத் திருகைவிட ஒரு சுற்றுத் திருகே நன்று என்பதை அவர் அந்த உடைவிலிருந்தே கற்றார்.

திருகு ஒரு முறை சுழன்றால் எவ்வளவு முன்னேற வேண்டும் என்பதே அதன் புரியிடை. விசிறியின் குடத்தில் விட்டமும் புரியிடையும் அங்குலக் கணக்கில் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஞ்சின் நிமிடத்துக்கு 5,500 முறை சுழல்கிறது. பற்சக்கரங்கள் அதனைப் பாதியாக்கி விசிறிக்கு 2,750 சுற்று அளிக்கின்றன. புரியிடை 13 அங்குலம். அப்படியாயின் படகு மணிக்கு 34 மைல் அளவில் செல்ல வேண்டும். நீர் மரம்போல் கெட்டியானதன்று, நழுவிக்கொடுக்கும். ஆகவே உண்மை வேகம் இதனினும் குறையும்.

புரியிடையைக் கூட்டினால் வேகமும் கூடும் என்று எண்ணிவிடாதீர்கள். வழக்கமான சுமையோடு முழு விசையில் ஓடும்போது எஞ்சின் எத்தனை சுற்று எட்ட வேண்டும் என்பதை அதன் கையேடு கூறும். புரியிடை மிகுந்தால் எஞ்சின் அவ்வளவை எட்டாமல், மேட்டில் பாரவண்டி இழுக்கும் மாடுபோல் திணறும். குறைந்தால் வரம்பு மீறிச் சுழலும். ஓர் அங்குல மாற்றத்துக்குச் சுமார் 200 சுற்று என்பது தோராயக் கணக்கு. பழைய விசிறி அந்த அளவை எட்டியிருந்தால், அதே எண்களையுடைய விசிறியே போதும். குடத்தின் உட்பற்கள் எஞ்சின் தண்டுக்குப் பொருந்துமா என்று பார்ப்பதும் இன்றியமையாதது.

இனி உலோகத்துக்கு வருவோம். நம் வீடுகளில் எவர்சில்வர் என வழங்கும் துருவேறா எஃகினாலான விசிறி எளிதில் வளையாது. அதன் இதழ்களை மெல்லியதாக வார்க்கலாமாதலால் வேகமும் சற்று மிகும். விலையோ அலுமினிய விசிறியைப்போல் மூன்று மடங்குக்கு மேலும் செல்லும். ஆனால் மோதலின் விசை எங்கேனும் சென்றாக வேண்டுமல்லவா? அலுமினிய இதழ் வளைந்தும் கிழிந்தும் அவ்விசையைத் தன்னிடத்திலேயே தீர்த்துக்கொள்கிறது. வளையாத எஃகு இதழோ அதனைத் தண்டுக்கும் பற்சக்கரப் பெட்டிக்கும் அனுப்புகிறது. அலுமினிய விசிறி உடைந்தால் ஒரு விசிறியின் விலையோடு போயிற்று. பற்சக்கரப் பெட்டி உடைந்தால் எஞ்சினின் கீழ்ப்பாகத்தையே மாற்ற நேரலாம்.

எஃகு விசிறிக்கும் காப்பு இல்லாமலில்லை. குடத்துக்குள் இறுகப் பொருத்திய ரப்பர் உறை கடும் மோதலில் நழுவிக்கொடுக்கும். பழைய சிறு எஞ்சின்களில் இந்த வேலையை ஒரு மெல்லிய ஆணி தான் முறிந்து செய்தது. ஆனால் வேகமாகச் செல்லும் படகு கருங்கல்லில் மோதுகையில் ரப்பர் உறையை மட்டும் நம்புவது தகாது என்பதே என் கருத்து. மணலும் சரளையும் நிறைந்த அடித்தரையில் நிலைமை வேறு. அங்கே அலுமினியத்தின் விளிம்பு தேய்ந்துபோகும், எஃகு தாங்கும். இழையூட்டிய பிளாஸ்டிக் விசிறிகளும் உண்டு. அவற்றுள் சிலவற்றில் உடைந்த இதழை மட்டும் கழற்றி மாற்றலாம். சிறிய எஞ்சின்களுக்கு அவை நன்கு பொருந்தும்.

எஞ்சின் சீறிச் சுழல்கிறது, படகு மட்டும் நகரவில்லை என்றால், ரப்பர் உறை நழுவியதெனக் கொள்ளலாம். உட்குடத்துக்கும் வெளிக்குடத்துக்கும் குறுக்கே முன்கூட்டியே ஒரு கோடு கீறி வைத்தால், கோடு விலகியதைக் கொண்டு அதனை உறுதி செய்யலாம். உறை நழுவினாலும் மெதுவாகக் கரை சேர முடிவதுண்டு. இதழ் வளைந்த விசிறியைக் கொண்டு நெடுந்தொலைவு ஓடுவதோ தீது. அதன் அதிர்வு தண்டின் தாங்கிகளையும், நீர் புகாமற் காக்கும் அடைப்புகளையும் கெடுத்துவிடும்.

ஆகவே அந்த ஏரிகளில் நெடுந்தூரம் செல்வோர் இரண்டாவது விசிறி ஒன்றைப் படகிலேயே எடுத்துச் செல்ல வேண்டும். அருகில் பட்டறை இராது. மாலைக் குளிரோ கடுமையானது. செப்பனிட்ட பழைய அலுமினிய விசிறியே இதற்குப் போதும். மாற்றுகையில் எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட வேண்டும். நீர் ஆழமில்லாத கரையோரத்தில் எஞ்சினைச் சாய்த்து, காப்பூசியைப் பிடுங்கி, மரையைக் கழற்றி விசிறியை உருவலாம். அப்போது தண்டோடு ஒட்டியிருக்கும் தடித்த உலோக வளையம் ஒன்று, கவனியாதவர் கையினின்று வழுக்கி நீரில் விழுந்துவிடும். விசிறியின் உந்துவிசையைத் தண்டுக்கு அளிப்பது அந்த வளையமே. அது போய்விட்டால், புது விசிறி கையிலிருந்தும், துடுப்புப் போட்டே ஊர் திரும்ப வேண்டும்.