கோதுமையை எடுத்த தட்டில் என்ன வைப்பது?

காலை எட்டு மணிக்கு நான்கு இட்லி, சட்னி. பள்ளி இடைவேளையில் நாலு அரிசி முறுக்கு. மதியம் ரசம் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். நாலரை மணிக்குக் கால்பந்து ஆடிவிட்டு வரும் பத்து வயதுப் பையன், ஷூவைக் கழற்றுவதற்கு முன்பே கேட்கிறான்: “அம்மா, பசிக்குது. என்ன இருக்கு?”

மற்ற வீடுகளில் இதற்குப் பதில் தயாராக இருக்கும். பிஸ்கட், பிரெட் ஜாம், அவசரத்துக்கு நூடுல்ஸ். சீலியாக் நோய் உள்ள குழந்தையின் வீட்டில் இவற்றில் எதற்கும் இடமில்லை. எதைச் சாப்பிடக் கூடாது என்ற பட்டியல் மருத்துவமனையிலேயே கையில் கிடைத்துவிடுகிறது. எதைக் கொடுத்தால் வயிறு நிறையும், பிள்ளை வளரும் என்பதைப் பெரும்பாலும் வீட்டில்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. நம் சமையலறையில் அதற்கான விடை நிறையவே இருக்கிறது.

பரோட்டாவின் இழுவை

பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது அது கிழியாமல் மெல்லிய துணிபோல் விரிகிறது. அந்த இழுவையைத் தருவது குளூட்டன். கோதுமையில் உள்ள புரதங்கள் தண்ணீரோடு சேர்ந்து பிசையப்படும்போது உருவாகும் ரப்பர் போன்ற பொருள் அது. பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் இதே வகைப் புரதங்கள் உண்டு. மைதா, ரவை, சேமியா, சம்பா ரவை எல்லாமே கோதுமையின் பிள்ளைகள்தான்.

சீலியாக் நோய் உள்ளவரின் உடல் இந்தப் புரதத்தைப் பகையாகப் பார்க்கிறது. அதை எதிர்க்கக் கிளம்பும் நோய் எதிர்ப்பாற்றல், சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. உணவின் சத்தை உள்ளிழுக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்குகின்றன. பிள்ளை எவ்வளவு சாப்பிட்டாலும் சத்து உடலில் ஒட்டுவதில்லை. வயிற்றுப்போக்கு, வயிறு உப்பல், தீராத ரத்தசோகை, வயதுக்கேற்ற உயரம் இல்லாமை என்று அது வெளியே தெரிகிறது.

கோதுமைதான் காரணம் என்று உலகுக்குக் காட்டியவர் வில்லெம் கரெல் டிக்கே என்ற நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர். 1930களிலேயே அவருக்கு ரொட்டியின்மேல் சந்தேகம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், அந்நாட்டில் ரொட்டியே கிடைக்காத கொடும் பஞ்சம் வந்தது. அந்தக் காலத்து அனுபவம் அவருடைய எண்ணத்தை வலுப்படுத்தியது. 1950-ல் தன் ஆய்வேட்டில் அதை நிறுவினார். இன்றுவரை இந்த நோய்க்குச் சிகிச்சை, குளூட்டன் இல்லாத உணவை வாழ்நாள் முழுவதும் உண்பதுதான்.

தெற்கில் குறைவு, இல்லாமல் இல்லை

இந்தியாவின் பல பகுதிகளில் பெரியவர்களிடம் நடத்தப்பட்டு 2016-ல் வெளியான ஆய்வு ஒன்று, சீலியாக் நோய் வடக்கில் 1.23 சதவீதம் பேருக்கும் தெற்கில் 0.10 சதவீதம் பேருக்கும் இருப்பதாகக் கண்டது. நோய்க்கு வழிவிடும் மரபணு எல்லாப் பகுதியிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. வேறுபட்டது கோதுமையின் அளவு. வடக்கில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை உண்டார். தெற்கில் 25 கிராம். தெற்கின் தட்டில் இன்று சப்பாத்தியும் பரோட்டாவும் பிஸ்கட்டும் பெருகிவருவதை வைத்துப் பார்த்தால், “இது வடக்கத்தி நோய்” என்று இருந்துவிட முடியாது.

ஒரு எச்சரிக்கை. சந்தேகம் வந்தவுடன் பெற்றோர் தாங்களாகவே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்திவிட்டால் ரத்தப் பரிசோதனையிலும் எண்டோஸ்கோபி வழியாக எடுக்கும் திசுப் பரிசோதனையிலும் நோய் தெரியாமல் போகலாம். முதலில் பரிசோதனை, பிறகுதான் பத்தியம்.

பசி ஏன் கூடுகிறது?

கோதுமையை நிறுத்திய சில வாரங்களில், சாப்பாட்டைக் கண்டாலே முகம் திருப்பிய பிள்ளை தட்டை வழித்துச் சாப்பிடத் தொடங்கும். குடல் ஆறுகிறது, இழந்த எடையையும் உயரத்தையும் உடல் எட்டிப் பிடிக்கப் பார்க்கிறது. இந்தப் பசி நல்ல சகுனம். இதை அடக்கக் கூடாது, நிறைக்க வேண்டும்.

சாப்பிட்ட ஒன்றரை மணி நேரத்திலேயே மறுபடி பசிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கோதுமையை எடுத்த இடத்தில் பல வீடுகளில் வெள்ளை அரிசி மட்டுமே வந்து உட்காருகிறது. மேலே சொன்ன பையனின் நாளைத் திரும்பிப் பாருங்கள்: இட்லி, முறுக்கு, ரசம் சாதம், உருளைக்கிழங்கு. பெரும்பகுதி மாவுச்சத்து. அது விரைவில் செரித்துவிடும். பசியைத் தாங்கிப் பிடிப்பவை புரதம், கொழுப்பு, நார்ச்சத்து மூன்றும்தான். கடையில் விலை உயர்த்தி விற்கும் குளூட்டன் இல்லாத பிஸ்கட், கேக் பலவற்றிலும் இதே குறை. அரிசி மாவு, மரவள்ளி மாவு, சர்க்கரை ஆகியவையே அவற்றில் அதிகம்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி, 7 முதல் 9 வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 1,700 கிலோ கலோரியும் 23 கிராம் புரதமும் வேண்டும். 10 முதல் 12 வயதுப் பையனுக்கு 2,220 கிலோ கலோரி, 32 கிராம் புரதம். அதே வயதுப் பெண்ணுக்கு 2,060 கிலோ கலோரி, 33 கிராம் புரதம். தினமும் மைதானத்தில் ஓடும் பிள்ளைக்குக் கலோரி இன்னும் கூடும். நடுத்தர அளவில் நான்கு இட்லி என்றால் சுமார் 200 முதல் 250 கிலோ கலோரி. அந்தப் பையனின் ஒருநாள் தேவையில் பத்தில் ஒரு பங்குதான் காலையில் உள்ளே போயிருக்கிறது. பத்தரைக்கு அவனுக்குப் பசிக்காமல் என்ன செய்யும்?

நம் அடுப்பின் பலம்

குளூட்டன் இல்லாமல் மாவைக் கையாள்வது மேற்கத்திய அடுமனைகளுக்குப் பெரிய சவால். தமிழ்ச் சமையலுக்கு அது பழைய பாடம். அரிசி மாவில் இழுவை கிடையாது என்பதால்தான் கொழுக்கட்டைக்கு வெந்நீர் ஊற்றிப் பிசைகிறோம். இடியாப்பத்தை நாழியில் பிழிகிறோம். உளுந்தை அரைத்துப் புளிக்கவைத்தால் அதன் பசைத்தன்மை காற்றைப் பிடித்துவைத்து இட்லியை உப்பவைக்கிறது. இந்தக் கையிருப்பில் புரதத்தையும் கொழுப்பையும் நாரையும் கூட்டினால் போதும்.

காலை உணவில் தொடங்கலாம். இட்லியே கொடுத்தாலும் எள்ளும் பருப்பும் சேர்த்து அரைத்த பொடியை நல்லெண்ணெயில் குழைத்து வையுங்கள். கூடவே கெட்டியான பருப்பு சாம்பாரும் ஒரு முட்டையும் இருந்தால் அதே இட்லி மதியம் வரை தாங்கும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். வாரத்தில் இரண்டு நாள் அடை செய்யலாம்: இட்லி அரிசி ஒரு டம்ளர் என்றால் துவரை, கடலை, உளுந்து, பாசிப்பருப்பு நான்கும் சேர்ந்து ஒரு டம்ளர். முருங்கைக்கீரையும் தேங்காயும் போட்டு வார்த்த இரண்டு அடை, ஆறு தோசைக்குச் சமமாக நிற்கும். முழுப் பச்சைப்பயறை ஊறவைத்து அரைக்கும் பெசரட்டும் அப்படித்தான்.

இடைவேளை டப்பாவில் முறுக்குக்குப் பதிலாகச் சுண்டல். கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, மொச்சை, பச்சைப்பட்டாணி என்று நாளுக்கொன்றாக மாற்றலாம். பிள்ளை சுண்டலுக்கு முகம் சுளித்தால் வறுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி. 30 கிராம் கடலையில் சுமார் 7 கிராம் புரதமும் நல்ல அளவு கொழுப்பும் இருக்கின்றன.

மதியச் சாதத்தில் பருப்புக்கும் சாதத்துக்கும் உள்ள விகிதத்தை மாற்றுங்கள். ரசம் கடைசியில் வரட்டும். பருப்பும் நெய்யும், கீரைக் கூட்டும், மீன் குழம்பும், காராமணிக் குழம்பும் முதலில் வரட்டும். டிபன் பாக்ஸுக்கு எள்ளு சாதம், கறிவேப்பிலைப் பொடி சாதம், கொண்டைக்கடலை புலாவ், முட்டை சாதம் எல்லாம் ஆறினாலும் சாப்பிட நன்றாக இருக்கும். சாமை, வரகு, தினை ஆகியவற்றில் வெள்ளை அரிசியைவிட நார் கூடுதல். முதலில் சாதத்தில் பாதியாகக் கலந்து பழக்கினால் பிள்ளைகள் மறுக்க மாட்டார்கள்.

நாலரை மணிக்குத்தான் உண்மையான சோதனை. அப்போது சிற்றுண்டி என்று எண்ணாமல் ஒரு குட்டிச் சாப்பாடாகவே கொடுக்க வேண்டும். கேழ்வரகு அடையும் ஒரு டம்ளர் மோரும். பாசிப்பயறும் தேங்காயும் வைத்த புட்டு, வாழைப்பழம். அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கோடு ஒரு முட்டை. உளுந்தங்களியில் கருப்பட்டியும் நல்லெண்ணெயும். கம்பங்கூழில் கெட்டித் தயிர். நேரமே இல்லாத நாளுக்கு எள்ளுருண்டை, கடலை உருண்டை, பொட்டுக்கடலை மாவில் நெய் விட்டுப் பிடித்த மாலாடு ஆகியவற்றை ஞாயிற்றுக்கிழமையே செய்து டப்பாவில் வைத்துவிட்டால் பிஸ்கட்டின் நினைவே வராது.

சுண்ணாம்புச் சத்துக்கும் தனிக் கவனம் வேண்டும். தேய்ந்த குடலால் பல மாதங்களாகக் கால்சியம் சரியாகச் சேர்ந்திருக்காது. 10 முதல் 12 வயதில் நாளுக்கு 850 மில்லிகிராம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 364 மில்லிகிராம் இருக்கிறது. எள், பால், தயிர், முள்ளோடு உண்ணும் சிறு மீன்கள் மீதியைத் தரும். நோய் தெரிந்த புதிதில் சில பிள்ளைகளுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. பாலைச் செரிக்கும் நொதியும் அந்தக் குடலுறிஞ்சிகளில்தான் சுரக்கிறது. குடல் ஆறியதும் பெரும்பாலும் சரியாகிவிடும். அதுவரை தயிர், மோர்.

கோதுமை ஒளியும் இடங்கள்

சமைப்பது பாதி வேலை. கண்ணுக்குத் தெரியாத கோதுமையைக் காவல் காப்பது மீதி. முதல் சந்தேகம் பெருங்காயத்தின் மேல் விழ வேண்டும். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். சாம்பார், ரசம், ஊறுகாய், இட்லிப் பொடி என்று அது போகாத இடமில்லை. சோயா சாஸ், பார்லி மால்ட் சேர்ந்த சத்துபானங்கள், கடைச் சத்துமாவு ஆகியவை அடுத்த வரிசை. “ராகி” என்று பெரிதாக அச்சிட்ட பிஸ்கட்டிலும், “சிறுதானியம்” என்று பெயர் போட்ட நூடுல்ஸிலும் சேமியாவிலும் மைதாவோ கோதுமையோ கலந்திருப்பது சாதாரணம். பாக்கெட்டின் முன்பக்கத்தை நம்பாமல் பின்பக்கம் படியுங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும். “குளூட்டன் இல்லாதது” என்று போட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது.

மாவு மில் இன்னொரு கண்ணி. நமக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்திருந்தால், அந்த மாவின் மிச்சம் நம் கேழ்வரகில் கலந்துவிடும். தானியத்தைப் பொறுக்கி, கழுவி, காயவைத்து வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலிப்பதே பத்திரம். தோசைக்கல்லும் தனியாக வேண்டும். சப்பாத்திப் பலகையும் கட்டையும் இந்தப் பிள்ளையின் மாவுப் பக்கமே வரக் கூடாது. ஓட்டலில் ரவா தோசை வார்த்த கல்லில் வார்த்த சாதா தோசையும், பூரி பொரித்த எண்ணெயில் பொரித்த வடையும் பிள்ளைக்கு ஆகாதவை.

பள்ளியும் பந்தியும்

பெற்றோரின் கை எட்டாத இடங்கள் இரண்டு. ஒன்று பள்ளி. அரசுப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் ரவை, சேமியா, கோதுமை ரவையில் செய்யும் உப்புமாவும் கிச்சடியும் உண்டு. நல்ல திட்டம், பசியோடு வகுப்பில் உட்காரும் பிள்ளைகளைக் காப்பாற்றும் திட்டம். அதே வரிசையில் ஒரு சீலியாக் குழந்தை இருந்தால் அதற்கு வெண்பொங்கலோ அரிசி உப்புமாவோ தனியாகக் கிடைக்கத் தலைமை ஆசிரியர் வழி செய்ய வேண்டும். மதியச் சத்துணவில் சோறும் முட்டையும் இருப்பது இந்தப் பிள்ளைகளுக்கு வரம். குழம்புக்குப் போடும் பெருங்காயத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

மற்றொன்று உறவு. கல்யாணப் பந்தியிலும் பிறந்தநாள் வீட்டிலும் “ஒரு வாய்தானே, என்ன ஆயிடும்? சாப்பிடுடா கண்ணு” என்று அன்போடு கேசரியை ஊட்டும் பாட்டிகளும் அத்தைகளும் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். அந்த ஒரு வாயே ஆறிவரும் குடலை மறுபடி புண்ணாக்கும். பிள்ளை அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழாவிட்டாலும் உள்ளே சேதம் நடக்கும். அன்பைக் காட்ட ஆசைப்படும் பாட்டி, எள்ளுருண்டை பிடித்துக் கொண்டுவரட்டும்.

மூன்று மாதம், ஆறு மாதம் என்று மருத்துவர் சொல்லும் இடைவெளியில் உயரத்தையும் எடையையும் பார்த்துவர வேண்டும். நன்றாகச் சாப்பிட்டும் எடை ஏறாவிட்டால் எங்கோ கோதுமை நுழைகிறது என்று பொருளாக இருக்கலாம். பசியோடு அளவுக்கு மீறிய தாகமும் அடிக்கடி சிறுநீரும் சேர்ந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். முதல் வகை நீரிழிவு, சீலியாக் உள்ள குழந்தைகளுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

வளரும் பிள்ளையின் பசிக்கு விலையுயர்ந்த பாக்கெட்டுகள் தேவையில்லை. பயறும் பருப்பும் கடலையும் எள்ளும் கேழ்வரகும் முட்டையும் எல்லா ஊர் மளிகைக் கடையிலும் இருக்கின்றன. இன்று இரவு படுக்கப் போகும் முன் ஒரு டம்ளர் கொண்டைக்கடலையை ஊறப் போடுங்கள். நாளை மாலை பிள்ளை வாசலில் வந்து “என்ன இருக்கு?” என்று கேட்கும்போது, பதில் அடுப்பில் தயாராக இருக்கும்.