வழங்கியின் மூலமும் புறனடையும்

கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரத்துத் தமிழ் அமைப்புகள் பல, தம் ஆண்டு மலர்களையும் சொற்பொழிவுக் குறிப்புகளையும் இணையப் பக்கங்களாக ஏற்றி வைத்துள்ளன. பிரிக்பீல்ட்சில் உள்ள ஒரு மன்றம், வாடகை குறைவு என்று கருதித் தன் பக்கங்களை வேறொரு வலை வழங்கிக்கு மாற்றுகிறது என்று கொள்வோம். மறுநாள் பார்த்தால் புதிய அறிவிப்புகள் தமிழிலேயே தோன்றுகின்றன. பழைய மலர்க் கட்டுரைகளோ ஒன்றும் விளங்காத கீறல்களாகக் கிடக்கின்றன. "எழுத்துரு கெட்டுவிட்டது" என்பார் ஒருவர். "அழித்துவிட்டு மீண்டும் தட்டச்சுச் செய்வோம்" என்பார் மற்றொருவர். மூலநூல் அழிவது பெரும்பாலும் இவ்விடத்தேதான். உண்மையில் எழுத்தொன்றும் கெடவில்லை. வழங்கியின் அமைப்புக் கோப்பில் உள்ள ஒரு வரியே குழப்பத்துக்குக் காரணம்.

அது எவ்வாறு என்பதை ஈண்டு நோக்குவோம். கணினி எழுத்தை எண்ணாகவே வைத்திருக்கும். ஒருங்குறியின் யூடிஎஃப்-8 முறையில் 'த' என்னும் ஓரெழுத்து 224, 174, 164 என மூன்று எண்களாக நிற்கும். இவை மூன்றையும் சேர்த்துப் படித்தால் 'த' தோன்றும். ஐரோப்பிய மொழிகளுக்குரிய பழைய லத்தீன் அட்டவணையைக் கொண்டு தனித்தனியே படித்தாலோ, தலையில் சாய்கோடு பெற்ற ஓர் ஆங்கில 'ஏ', வட்டத்துள் அடைபட்ட 'ஆர்', நாணயக் குறி ஒன்று என மூன்று கீறல்கள் வரும். தமிழ் எழுத்துகள் யாவற்றுக்கும் முதல் எண் 224 என்பதால் அந்தச் சாய்கோட்டு 'ஏ' பக்கமெங்கும் திரும்பத் திரும்ப வரும். அதனைக் கண்டால் மூலம் நலமாக உள்ளது, படிக்கும் முறையே பிழை என்று பெரும்பாலும் துணியலாம்.

எம்முறையால் படிப்பது என்பதை உலாவிக்குச் சொல்பவர் இருவர். பக்கத்தின் உள்ளேயே ஆசிரியர் எழுதிய குறிப்பு ஒன்று. பக்கத்தை அனுப்புமுன் வழங்கி அனுப்பும் தலைப்புச் செய்தி மற்றொன்று. இரண்டும் மாறுபட்டால் வழங்கியின் சொல்லே வெல்லும். உள்ளே ஆசிரியர் முறையாக எழுதியிருந்தும் பயனின்றிப் போவது இதனாலேயே. 1995இல் தோன்றி உலகெங்கும் பரவிய அப்பாச்சி என்னும் வழங்கி மென்பொருளின் 2.0 பதிப்போடு வந்த அமைப்புக் கோப்பில், லத்தீன் அட்டவணையே இயல்பு என்ற வரி ஒரு காலத்தில் இருந்தது. பின்னர் அது நீக்கப்பட்டது. எனினும் பழைய அமைப்பைப் படியெடுத்துக்கொண்டோர் அவ்வரியையும் உடன் கொண்டுவந்துவிடுகின்றனர். வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள்கள் தம் குறியீட்டு முறையைத் தாமே அறிவித்துவிடுவதால் புதிய அறிவிப்புகள் தப்பின. தனிக் கோப்புகளாக நின்ற பழைய மலர்களே அகப்பட்டுக்கொண்டன.

குறியீட்டு முறை பற்றிய இவ்வழக்கு நம் வட்டாரத்துக்குப் புதியதன்று. கோலாலம்பூர் முத்து நெடுமாறன் 1985 முதல் முரசு மென்பொருளை வளர்த்துவந்தார். 1997இல் சிங்கப்பூரிலும், 1999இல் சென்னையிலும், 2001இல் கோலாலம்பூரிலும் கூடிய தமிழ் இணைய மாநாடுகளில் குறியீட்டு முறை ஒரு முதன்மைப் பொருளாக இருந்தது. தகுதரம், டாம், டாப் என்னும் முறைகள் வழங்கி, பின்பு ஒருங்குறி நிலைபெற்றது.

இனித் திருத்தும் இடம் யாது? வாடகை வழங்கிகளில் சி-பேனல் போன்ற கட்டுப்பாட்டுப் பலகை இருக்கும். அங்கே அப்பாச்சியின் தலைமைக் கோப்பை மனிதர் எழுதுவதில்லை. பலகையே வார்ப்புகளிலிருந்து எழுதுகிறது. அதன் தலையிலேயே, இது தானாக ஆக்கப்பட்டது, திருத்தற்க என்ற எச்சரிக்கை உண்டு. அதனைப் பொருட்படுத்தாமல் ஒரு வரி சேர்த்தால் அது இடைச்செருகலாகவே முடியும். வேலை செய்யும், ஆனால் பலகை அடுத்த முறை கோப்பை ஆக்கும்போது அவ்வரி சுவடின்றி மறையும். "சென்ற மாதம் சரி செய்தோமே!" என்று வியப்போர் இதனை அறியாதோரே.

நூலுடையார் புறனடை வைத்ததுபோல, பலகையை ஆக்கியோரும் சேர்க்கைக்கென்று தனியிடம் வைத்துள்ளனர். வழங்கி முழுவதையும் ஆள்வோர்க்கு, தலைமைக் கோப்பின் முன்னும் பின்னும் இணைத்துப் படிக்கப்படும் சேர்ப்புக் கோப்புகள் உண்டு. அவற்றில் எழுதியது அழியாது. ஒரு பங்கை மட்டும் வாடகைக்கு எடுத்தோர்க்கு உரியது, புள்ளியில் தொடங்கி 'எச்டிஆக்சஸ்' என்று பெயர்பெறும் சிறு கோப்பு. புள்ளி முதலாகிய கோப்புகள் மறைந்திருப்பது யுனிக்ஸ் மரபு. ஆதலின், பலகையின் கோப்பு மேலாளரில் 'மறை கோப்புகளைக் காட்டுக' என்பதைத் தெரிந்தாலன்றி அது கண்ணுக்குத் தோன்றாது. இல்லையென்று எண்ணிப் புதிதாக ஒன்றை ஏற்றிப் பழையதை அழித்தோரும் உளர். முதலில் பழையதன் படியொன்றை எடுத்து வைத்தல் வேண்டும்.

அதனுள் எழுதவேண்டுவது ஒரே வரி: ஆட், டிஃபால்ட், சார்செட் என்னும் மூன்று ஆங்கிலச் சொற்களையும் இடைவெளியின்றிச் சேர்த்தெழுதி, பின் ஓர் இடம் விட்டு யூடிஎஃப்-8 என்க. வழங்கியை நிறுத்தித் தொடங்க வேண்டுவதில்லை. ஒவ்வொரு வேண்டுகோளின்போதும் அப்பாச்சி இக்கோப்பைப் படிக்கும். எழுத்துப் பிழை இருந்தால் பக்கம் வராது. 500 என்னும் எண்ணோடு பிழைச் செய்தி வரும். அப்போது அஞ்சாமல் பழைய படியை மீட்டு வைத்தால் போதும்.

சிறப்பு விதி பொது விதியை விலக்கும் என்பதை இலக்கண ஆசிரியர்க்குச் சொல்லவேண்டுவதில்லை. இங்கும் அதுவே முறை. மேலுள்ள கோப்புறையின் வரி கீழுள்ளவற்றுக்கும் செல்லும். கீழே வேறு கோப்பிருப்பின், அவ்விடத்துக்கு அதுவே ஆணை. இவ்வுண்மை பழைய மலர்களுக்கு இன்றியமையாதது. 2000ஆம் ஆண்டையொட்டித் தகுதரத்தில் தட்டச்சிட்ட பக்கங்களை யூடிஎஃப்-8 என்று அறிவித்தால் அவை கெட்டுத் தோன்றும். அவற்றைத் தனிக் கோப்புறையில் இட்டு, அங்கே அதே வரியில் யூடிஎஃப்-8 என்பதற்கு ஈடாக 'ஆஃப்' என்று எழுதினால், வழங்கி வாய் மூடிக்கொள்ளும். பக்கத்தின் உட்குறிப்பே ஆளும். எனினும் பழைய எழுத்துருக்கள் கணினிகளில் இல்லாமற் போவதால், அப்பக்கங்களைப் படியெடுத்து ஒருங்குறிக்கு மாற்றுதலே தக்கது.

சில வழங்கிகளில் இவ்வரி ஒரு பயனும் தராது. உரிமையாளர் இச்சிறு கோப்புக்கு இடம் கொடாதிருக்கலாம்; அல்லது அப்பாச்சிக்கு மாற்றாக எஞ்சின்-எக்ஸ் ஓடலாம். பின்னது இக்கோப்பைப் படிப்பதே இல்லை. ஆதலின் மன்றச் செயலாளர், இடம் மாறுமுன் வாடகைக்கு விடுவோரிடம் கேட்கவேண்டியவை இரண்டு: எச்டிஆக்சஸ் படிக்கப்படுமா? அதில் குறியீட்டு முறையை மாற்ற இசைவு உண்டா?