எண்ணெய் கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது?

"சர்க்கரையும் இருக்கிறது, இருதயக் கோளாறும் இருக்கிறது, எந்த எண்ணெய் வாங்கலாம் அண்ணாச்சி?" என்ற கேள்வி நம் கடைகளுக்குப் புதிதல்ல. லாபம் கூடுதலாக உள்ள பாக்கெட்டை எடுத்து நீட்டிவிடலாம். ஆனால் நம் சொல்லை நம்பித்தான் அந்த வீட்டில் மாதம் முழுவதும் சமையல் நடக்கிறது. ஆகவே சில விவரங்களை நாம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதலாவது, அளவு. எண்ணெயோ நெய்யோ, எதுவானாலும் கிராமுக்கு 9 கலோரி. மாவுச்சத்துக்கு 4 கலோரிதான். உடலுழைப்புக் குறைந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 20 கிராம், ஆணுக்கு 25 கிராம் போதும் என்பது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. பெரியவர்கள் நால்வர் உள்ள வீட்டுக்கு மாதம் சுமார் 3 லிட்டர். நோயாளிக்கு மருத்துவர் இதைவிடக் குறைத்துச் சொல்லியிருந்தால் அதுவே சரி.

இரண்டாவது, வகை. நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய், பாமாயில் ஆகியவற்றில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம். இது கெட்ட கொலஸ்ட்ராலை உயர்த்தும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், தவிட்டு எண்ணெய் ஆகியவற்றில் குறைவு. வனஸ்பதியில் கவலை தந்தது டிரான்ஸ் கொழுப்பு. எண்ணெய், வனஸ்பதி வகைகளில் இது 2 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது.

மூன்றாவது, விளம்பர வாசகம். "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று அச்சிட்ட பாக்கெட்டைப் பலர் மருந்துபோல் நினைக்கிறார்கள். தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் கிடையாது என்று சொல்லலாம். அதை நம்பித் தாராளமாக ஊற்றினால் எடையும் கூடும், சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். "சர்க்கரை சேர்க்காத" பிஸ்கட்டும் அப்படியே. அதிலும் மாவும் கொழுப்பும் உண்டு. இனிப்பை விட்டுவிட்டு மிக்சர், முறுக்கு வாங்குபவருக்கும் இதை எடுத்துச் சொல்லலாம்.

"இப்படிச் சொன்னால் வியாபாரம் குறையாதா?" என்று சிலர் கேட்கலாம். மாதம் ஒரு லிட்டர் குறையலாம். ஆனால் எண்ணெய் குறைகிற வீட்டில் பயறும் கடலையும் கூடுதலாக விற்கும். வாடிக்கையாளர் நலமாக இருந்தால்தான் நம் கணக்கு நோட்டில் அவர் பக்கம் தொடரும். நாள் முழுவதும் கல்லாவில் உட்கார்ந்தபடி வடையும் தேநீருமாய்ப் பொழுதைக் கழிக்கும் நமக்கும் இதே கணக்குத்தான் என்பதை மறந்துவிட வேண்டாம்.