நிரல் திருவிழாக்களும் நொய்யல் கரையின் வினாக்களும்: குடிமக்கள் – ஆய்வாளர் கூட்டுப் போட்டிகளுக்கான பொது நிதி

ஆய்வுச் சுருக்கம்

குடிமக்களையும் ஆய்வாளர்களையும் ஒரே அவையில் அமர்த்தித் தீர்வு காணும் ஹேக்கத்தான் நிகழ்வுகளுக்கு மத்திய, மாநில அரசுகள் நிதி வழங்கி வருகின்றன. இந்நிதி எவ்வழிகளில் செல்கிறது, எவரைச் சென்றடைகிறது, எவரை விட்டுவிடுகிறது என்பதைத் திருப்பூரை அடுத்த மங்கலம் வட்டாரத்தின் விசைத்தறி, சாயத் தொழில் சூழலில் வைத்து இக்கட்டுரை விளக்குகிறது. பரிசுத் தொகையின் அளவைக் காட்டிலும், சிக்கலை வரையறுக்கும் உரிமை யாரிடம் உள்ளது என்பதே இந்நிதியின் பயனைத் தீர்மானிக்கிறது என்பது கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: ஹேக்கத்தான், பொது நிதி, குடிமக்கள் அறிவியல், விசைத்தறி, நொய்யல், மங்கலம்.

முன்னுரை

திருப்பூரிலிருந்து சோமனூர் செல்லும் சாலையில், நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த ஊர் மங்கலம். கூலிக்கு நெய்யும் விசைத்தறிகள் ஒருபுறமும், பனியன் துணி சார்ந்த தொழில்கள் மறுபுறமும் சூழ்ந்த வட்டாரம் இது. வேளாண்மையும் முற்றிலும் அற்றுப்போய்விடவில்லை. ஆற்றின் குறுக்கே உள்ள நல்லம்மன் தடுப்பணை, இத்தொழில்களுக்கெல்லாம் முந்தைய பாசன வாழ்வை நினைவூட்டி நிற்கிறது. ஒரே ஊரில் தறி உரிமையாளர், சாயத் தொழிலாளி, கிணற்றுப் பாசன உழவர் ஆகிய மூவரும் வாழ்கின்றனர். ஒருவருடைய தொழிற்கழிவு மற்றொருவருடைய கிணற்று நீரின் சிக்கலாகிறது. குடிமக்களையும் ஆய்வாளர்களையும் இணைக்கும் போட்டி ஒன்று எங்கேனும் பொருளுடையதாக அமையக்கூடுமெனில், இத்தகைய ஊரிலேயே அமையும். ஆனால் இன்றுள்ள நிதித் திட்டங்களின் கட்டமைப்பு இவ்வூரைப் போட்டிக்குரிய ‘களமாக’க் காண்கிறதேயன்றிப் ‘பங்காளியாக’க் காண்பதில்லை.

சொல்லும் பொருளும்

ஹேக்கத்தான் என்னும் சொல் ஆங்கிலத்தில் நிரலாக்கத்தையும் மாரத்தான் ஓட்டத்தையும் இணைத்து உருவானது. 1999 ஜூன் மாதத்தில் கனடாவின் கால்கரி நகரில் ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தின் நிரலாளர்கள் பத்துப்பேர் கூடிப் பணியாற்றிய நிகழ்வு இப்பெயரால் குறிக்கப்பட்ட முதல் நிகழ்வுகளுள் ஒன்று. அங்கே பரிசு இல்லை, நடுவர் இல்லை, வெளியார் எவரும் சிக்கலை எழுதித் தரவுமில்லை. தம் கருவியின் குறையைத் தாமே அறிந்தவர்கள் தாமே கூடிச் சரிசெய்தனர். சிக்கலை உடையவரும் தீர்ப்பவரும் ஒருவரே என்பது அந்நிகழ்வின் அடிப்படை. அரசுகள் இவ்வடிவத்தை ஏற்றபோது இவ்வடிப்படை பிரிந்தது: சிக்கலை உடையவர் ஒருவர், அதனை எழுதுபவர் மற்றொருவர், தீர்ப்பவர் வேறொருவர் என்றாயிற்று.

தமிழ்நாட்டில் நான் முதல்வன் திட்டத்தின்கீழ் பொறியியல் மாணவர்களுக்காக நடத்தப்படும் நிகழ்வுக்கு ‘நிரல் திருவிழா’ எனப் பெயர். அழகிய தமிழாக்கம் என்பதில் ஐயமில்லை. எனினும் ‘நிரல்’ என்ற சொல் கணினி நிரலையே முதன்மையாகச் சுட்டி நிற்பதால், உப்பு, நீர், நூல், தறி ஆகியவற்றைப் பற்றிய சிக்கல்கள் இப்பெயருக்குள் அடங்குவனவாகப் பொதுமக்களுக்குத் தோன்றுவதில்லை.

பொது நிதி செல்லும் வழிகள்

இந்தியாவில் இவ்வகை நிகழ்வுகளுள் பெரியது ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான். இதன் முதல் இறுதிச்சுற்று 2017 ஏப்ரல் 1, 2 ஆகிய நாள்களில் 36 மணி நேரம் தொடர்ந்து நடைபெற்றது. அடுத்த ஆண்டில் வன்பொருள் பிரிவும் சேர்க்கப்பட்டது. அமைச்சகங்கள், பொதுத்துறை நிறுவனங்கள், தொழில் நிறுவனங்கள் ஆகியன சிக்கல்களை எழுதித் தருகின்றன. ஆறு மாணவர் கொண்ட அணியில் பெண் ஒருவரேனும் இடம்பெற வேண்டும் என்பது விதி, இது பாராட்டத்தக்கது. ஆனால் அணியில் தறி உரிமையாளர் ஒருவரோ உழவர் ஒருவரோ இடம்பெற வழியில்லை. பங்கேற்பு மாணவர்க்கு உரியது. குடிமகன் அங்கே சிக்கல் அறிக்கையின் ஒரு வரியாக மட்டுமே வருகிறான்.

மத்தியச் சிறு, குறு, நடுத்தரத் தொழில் அமைச்சகம் 2022 மார்ச்சில் தொடங்கிய எம்எஸ்எம்இ ஐடியா ஹேக்கத்தான் சற்று வேறுபட்டது. தேர்ந்தெடுக்கப்படும் ஒரு கருத்துருவுக்கு 15 இலட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. பணம் புத்தாக்கம் செய்பவரின் கையில் நேரே தரப்படாமல், ஏற்பளிக்கப்பட்ட கல்வி அல்லது ஆய்வு நிறுவனத்தின் வழியே வளர்ச்சிப் பணிக்குச் செலவிடப்படுகிறது. மூன்றாம் பதிப்பு பெண்களுக்கெனவும் நான்காம் பதிப்பு 18 முதல் 35 வயதுக்குட்பட்ட இளையோர்க்கெனவும் அறிவிக்கப்பட்டன. இங்கே நிதி ‘பரிசு’ என்ற நிலையிலிருந்து ‘வளர்ப்பு’ என்ற நிலைக்கு நகர்கிறது. இந்நகர்வு முக்கியமானது.

மாநில அளவில், தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் நடத்தும் புத்தாக்கச் சீட்டுத் திட்டம் ஹேக்கத்தான் என்ற பெயரைத் தாங்கவில்லை. ஆயினும் குடிமகனும் ஆய்வாளரும் சந்திக்கும் இடம் என்ற அளவில் அதுவே நோக்கத்துக்கு மிக அருகில் நிற்கிறது. தொடக்க நிலைக் கருத்துருவுக்கு 2 இலட்சம், அடுத்த நிலைக்கு 5 இலட்சம் என்ற உச்சவரம்புகளில், சிறு நிறுவனம் ஒன்று தனக்கு வேண்டிய அறிவுத்துணையை ஓர் ஆய்வு நிறுவனத்திடமிருந்து பெற இச்சீட்டு உதவுகிறது. ஆய்வாளர் சிக்கலைத் தேடிச் செல்வதற்கு மாறாக, சிக்கலை உடையவர் ஆய்வாளரைத் தேடிச் செல்கிறார்.

இவற்றோடு, நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்க இயக்கத்தின் ஆதரவில் திருப்பூரில் நிஃப்ட்-டீ கல்லூரியோடு இணைந்து இயங்கும் அடல் தொழில் வளர் மையத்தையும், 1956இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ராவையும் சேர்த்துக் கொண்டால், மங்கலத்திலிருந்து எளிதில் சென்றடையும் தொலைவில் நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை என்பது விளங்கும். குறை வேறிடத்தில் உள்ளது.

சிக்கலை எழுதுவது யார்?

நொய்யலின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகிறது. ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காக 1992இல் பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் நீர்நிலையானது. பாதிப்பை முதலில் கண்டறிந்தவர் ஆய்வகத்தில் இருந்தவர் அல்லர். கிணற்று நீர் உவர்ப்பதையும், பயிர் கருகுவதையும், கால்நடைகள் நோயுறுவதையும் கண்ட கடைமடை உழவர்களே நீதிமன்றங்களை நாடினர். நொய்யல் ஆறு ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கத்தின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரிலும், உச்ச நீதிமன்றம் 2009 அக்டோபரிலும் ஆணைகள் பிறப்பித்தன. கழிவுநீரை முற்றிலும் வெளியேற்றாத நிலை எய்தப்படாததால் 2011 ஜனவரி 28 அன்று சாய ஆலைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

உழவர் எழுதிய சிக்கல் அறிக்கை என்று இவ்வழக்கைக் கொள்வது மிகையன்று. அது ஆண்டுக்கணக்கில் எழுதப்பட்டது; சான்றுகளோடு எழுதப்பட்டது. அதற்கான தீர்வும் 36 மணி நேரத்தில் வந்ததன்று. மூடலுக்குப்பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சீரமைக்க மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனை அறிவித்தது. ஒரு போட்டியின் ஒரு இலட்ச ரூபாய்ப் பரிசையும் இத்தொகையையும் அருகருகே வைத்தால், ஹேக்கத்தானிடம் எதனை எதிர்பார்க்கலாம், எதனை எதிர்பார்க்கலாகாது என்பது தெளிவாகும்.

சாயத்தின் வேதியியலும் இதையே உணர்த்துகிறது. பருத்தித் துணியில் வினைச்சாயம் ஏறுவதற்குச் சாய நீரில் லிட்டருக்குப் பல பத்துக் கிராம் உப்புச் சேர்க்க வேண்டும். சாயம் துணியில் ஒட்டும், உப்பு ஒட்டாது. அது முழுவதும் கழிவுநீரோடு வெளியேறும். எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் நீரின் பெரும்பகுதி மீட்கப்பட்டாலும், எஞ்சும் அடர் உப்புநீரை ஆவியாக்கப் பெருமளவு எரிபொருள் வேண்டும். இறுதியில் எதற்கும் பயன்படாத கலப்பு உப்பு மூட்டைகளாகக் குவிகிறது. இச்சுமையைக் குறைக்க, அடர் உப்புநீரையே சுத்திகரித்து மீண்டும் சாயத் தொட்டிக்கு அனுப்பும் தொழில்நுட்பம் பல்லடத்தை அடுத்த அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் செயல்படுத்திக் காட்டப்பட்டது. மீட்ட உப்புநீரில் நிறம் சீராக வருமா என்பதை வேதியியலாளர் தனித்து உறுதிசெய்ய இயலாது. அதனைச் சொல்ல வேண்டியவர் சாயப் பட்டறையில் நிற்பவர். கூட்டு ஆய்வு என்ற சொல்லுக்கு இவ்வட்டாரத்தில் இதனினும் பொருத்தமான சான்று அரிது.

மாறாக, விசைத்தறிக்கு ஊடை நூல் அறுந்தால் தறியைத் தானே நிறுத்தும் கருவி ஒன்றை மாணவர் அணி வடிவமைப்பதாகக் கொள்வோம். கருவி இயங்கும், நடுவர் மகிழ்வர். ஆனால் அத்தகைய கருவி ஏற்கெனவே சந்தையில் உள்ளது. 2017 ஏப்ரலில் தொடங்கிய பவர்டெக்ஸ் இந்தியா திட்டத்தில் சாதாரணத் தறிகளை மேம்படுத்த மானியமும் இருந்தது. கூலி நெசவாளரின் தடை கருவி இன்மையன்று; மீட்டர் கணக்கில் கிடைக்கும் கூலி உயராத நிலையில், மானியம் போக எஞ்சும் தொகையை யார் இடுவது என்பதே. இது பொருளியல் சிக்கல். சிக்கலை நெசவாளரே எழுதியிருந்தால், முதல் வரியிலேயே இது வந்திருக்கும்.

இரு நாள் கூலி

ஜெர்மனியில் 2020 மார்ச் 20 முதல் 22 வரை கூட்டரசின் ஆதரவில், குடிமை அமைப்புகள் இணையவழி நடத்திய ‘விர் ஃபெர்சஸ் வைரஸ்’ நிகழ்வில் 28,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். சுமார் 1,500 திட்டங்கள் உருவாயின. அந்நிகழ்வின் சிறப்பு எண்ணிக்கையில் இல்லை. போட்டி முடிந்தபின் தேர்ந்தெடுத்த திட்டங்களைப் பல மாதங்கள் உடனிருந்து நடத்திச் செல்லும் செயலாக்கத் திட்டம் ஒன்று தொடர்ந்தது. வார இறுதி ஒரு தொடக்கம் மட்டுமே என்பதை நிதி வழங்கியோர் ஏற்றுக்கொண்டனர்.

மங்கலத்துக்கு இம்மாதிரியை அப்படியே பொருத்த இயலாது. அங்கே பங்கேற்றோர் ஊரடங்கில் வீட்டில் இருந்தோர். இங்கே சில தறிகளை வைத்துக்கொண்டு குடும்பமாக உழைக்கும் கூலி நெசவாளர், இரு நாள்கள் கல்லூரி அரங்கில் அமர்ந்தால் தறி நிற்கும். தமிழ்நாடு அரசு விசைத்தறிகளுக்கான இலவச மின்சாரத்தை 2023இல் இரு மாதங்களுக்கு 750 அலகிலிருந்து 1,000 அலகாக உயர்த்தியது. ஓடாத தறிக்கு அதனால் பயனில்லை. போட்டி வரவுசெலவில் அரங்கு, உணவு, மேடை, நடுவர் பயணம், சான்றிதழ் ஆகியவற்றுக்கெல்லாம் இடமுண்டு. சிக்கலை விளக்க வரும் நெசவாளரின் இழந்த கூலிக்கு இடமில்லை. ஆய்வாளர் பணிநாளாகப் பதிவு செய்து வருகிறார். மாணவர் வருகைப்பதிவோடு வருகிறார். தம் வருவாயை இழந்து வருபவர் குடிமகன் ஒருவரே. எனவே அவர் வருவதில்லை. வந்தாலும் தொடக்க விழாவில் பேசிவிட்டுச் சென்றுவிடுகிறார். ‘குடிமக்கள் பங்கேற்பு’ அறிக்கையில் நிறைவேறிவிடுகிறது.

மாற்று வழி அருகிலேயே உள்ளது. திருப்பூரின் நஞ்சராயன் குளத்தில் இயற்கை ஆர்வலர்கள் பல்லாண்டுகளாகப் பறவைகளைக் கண்டு பதிவு செய்து வந்தனர். அக்குளம் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. அங்கே எவரும் வார இறுதிக்குள் விடை கேட்கவில்லை. தொடர்ந்து எண்ணுதல் என்ற எளிய பணி, காலம் செல்லச் செல்லச் சான்றாகத் திரண்டது. இதே முறையில் மங்கலம் வட்டாரக் கிணறுகளின் கரைந்த உப்பளவை உழவர்களே கையடக்கக் கருவியால் மாதந்தோறும் பதிவு செய்து, ஆண்டு முடிவில் அத்தரவோடு ஆய்வாளரைச் சந்திப்பதாக ஒரு போட்டி அமைந்தால், சிக்கலை எழுதும் உரிமை அவர்களிடமே தங்கும். செலவும் பெரிதன்று, பெரிதாக வேண்டுவது கருவிகளைச் சரிபார்த்துத் தரும் ஓர் ஆய்வகத்தின் ஓராண்டுப் பொறுப்பு.

தீர்வின் உரிமை

நிதி விதிகளில் பெரும்பாலும் பேசப்படாத ஒன்று அறிவுசார் சொத்துரிமை. தீர்வின் உரிமை அணிக்கா, கல்லூரிக்கா, நிதி வழங்கிய துறைக்கா என்ற வழக்காடலில் சிக்கலைக் கொணர்ந்தவர் பெயரே இடம்பெறுவதில்லை. எந்த அளவு உப்பில் எந்த நிறம் மங்கும், எந்த நூல் எண்ணுக்குத் தறியில் எத்தனை இழுவிசை தாங்கும் என்பன போன்ற கைப்பட்ட அறிவு, காப்புரிமைச் சட்டத்தின் மொழியில் ‘கண்டுபிடிப்பு’ ஆகாது. ஆயினும் அவ்வறிவின்றிக் கண்டுபிடிப்பு நிகழாது. பொது நிதியில் உருவான தீர்வைச் சிக்கல் தந்த வட்டாரத்தின் சிறு அலகுகள் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்ற ஒரு வரியை நிதி ஒப்பந்தத்தில் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. ஒப்பந்தத்தை வரையும் அலுவலகம் மனம் வைத்தால் அடுத்த போட்டி அறிவிப்பிலேயே அவ்வரி இடம்பெறலாம். இழந்த கூலிக்கான தலைப்பும் அவ்வாறே.