பள்ளிக்கு வந்த போலீஸ்! கவர்னரை அசைத்த 2 சிறுமிகள்

பள்ளிக்கூடத்துக்குப் போலீஸ் வந்தது. இரண்டு மாணவிகளை அழைத்துக்கொண்டு போனது. திருட்டா, அடிதடியா? ஒன்றும் இல்லை. கவர்னர் கூப்பிடுகிறார்!

நடந்தது இந்தோனேசியாவின் பாலி தீவில். அக்காள் மெலாட்டி, தங்கை இசபெல். 2013-ம் ஆண்டில் அக்காளுக்கு வயது 12, தங்கைக்கு 10. எங்கே பார்த்தாலும் பிளாஸ்டிக் பை குவிந்து கிடந்தது. "இதை ஒழித்தே தீருவோம்" என்று இருவரும் கிளம்பினார்கள். கூட்டாளிகளைச் சேர்த்தார்கள். விமான நிலையத்தில் நின்று பயணிகளிடம் கையெழுத்து வாங்கினார்கள். கவர்னரை மட்டும் பார்க்க முடியவில்லை.

காந்தி வழி

இந்தியா வந்தபோது காந்தி தங்கிய வீட்டைப் பார்த்தார்கள். ஊர் திரும்பியதும் உண்ணாவிரதம்! சூரியன் உதித்தது முதல் மறையும் வரை பட்டினி. 24 மணி நேரத்துக்குள் வந்ததுதான் அந்தப் போலீஸ். பை ஒழிப்புக்கு உதவுவதாகக் கவர்னர் கையெழுத்துப் போட்டார்.

40 டன் குப்பை

கையெழுத்து வந்தது, குப்பை போகவில்லை. சிறுசுகள் சும்மா இருக்கவில்லை. 2017 பிப்ரவரியில் ஒரே நாளில் தீவு முழுக்கத் துப்புரவுப் பணி நடத்தினார்கள். 55 இடங்களில் 12 ஆயிரம் பேர் குனிந்து அள்ளினார்கள். 40 டன்னுக்கு மேல் சேர்ந்தது. 2018 டிசம்பரில் புதிய கவர்னர் தடை உத்தரவே போட்டுவிட்டார்.

நம்ம ஊரிலும் 2019 ஜனவரி 1-ந் தேதி தடை வந்தது. ஆனாலும் கடையில் நின்று, "அண்ணாச்சி, ஒரு கவர்ல போட்டுக் கொடுங்க" என்று கேட்பது யார்? நாம்தானே!